விற்கும் வீட்டின் குறையை விற்பவரே முதலில் அறியட்டும்



அன்புக்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே! நமது குறிஞ்சாக்கேணியிலும் கிண்ணியாவிலும் வீடொன்று கைமாறுகிறதென்றால், பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு பெண்பிள்ளையின் திருமணம் இருக்கும். பல்லாண்டுகள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. (சீதன வீடு கேட்பது தகுமா என்பதை வேறொரு நாளில் பேசுவோம்.)

அண்மையில் ஒரு தந்தை என்னிடம் வந்து கலங்கினார். புதிதாக வெள்ளையடித்த வீட்டை வாங்கினாராம். முதல் மாரியிலேயே கொங்கிரீட் தட்டு கசிந்தது. பூச்சுக் கழன்று துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. மகளின் நிக்காஹ் பிற்போடப்பட்டது. விற்றவரோ, தமக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய்யுரைக்கவில்லை என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால், தெரியாது என்பதோடு பொறுப்பு நீங்கிவிடுமா?

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வணிகர் மழையில் நனைந்ததை அறிந்திருந்தார். அறியாதவரின் நிலை என்ன? நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, விற்பனைக்கு முன்பே இருந்து, பெறுமதியைக் குறைக்கும் மறைவான குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். விற்றவர் அதை அறிந்திருந்தாரா என்பது அங்கே கேள்வியன்று. "எக்குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று முன்னரே நிபந்தனையிட்டாலும், விற்றவரும் அறியாத உட்குறை உயிர்ப்பிராணியில் இருந்தால் மாத்திரமே அது செல்லும் என இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் வலுவான கருத்தாகக் கூறுகிறார்கள். வீடு உயிர்ப்பிராணியன்று!

ஆகவே, தரகரிடம் சொல்வதற்கு முன்பே, அவ்விற்பனையில் இலாபம் எதுவுமில்லாத அனுபவமிக்க மேசன் ஒருவரையோ தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரையோ அழைத்து வீட்டைக் காட்டுங்கள். கழுவாத கடல் மண்ணைக் கலந்திருந்தால் அதன் உப்புக் கம்பியைத் தின்னும். கூரை மரத்தில் கறையான் உண்டா? மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகிலா? மின்கம்பிகள் பழையனவா? காணிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியை, உறுதிக் காணியைப் போல நினைத்தவாறு விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

குறை தெரிந்தால் திருத்துங்கள்; இயலாவிடின் சொல்லி விலையைக் குறையுங்கள். விலை விழும் என்று தரகர் சொல்வார். விழத்தான் செய்யும். ஆயினும், உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்திய வியாபாரத்திலேயே பரக்கத் உண்டென்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தியன்றோ? கண்ட குறைகளைத் தாளில் எழுதி, நொத்தாரிசிடம் செல்லுமுன் இருவரும் ஒப்பமிடுங்கள். வாங்குபவர் தமது மேசனையும் அழைத்து வந்தால் மனம் கோணாதீர்கள்.

அந்தத் தந்தையின் விடயம் இன்னும் தீரவில்லை. இரு வீட்டாரும் ஒரே பள்ளிவாசலுக்கே வருகிறார்கள், ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை.