சாணத்தில் முளைக்கும் காளான்

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரம். நீண்ட பேச்சு பேசி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விசயம் சாணம். சிரிக்காதீங்க! அந்தச் சாணத்தில் முளைக்கிற காளானைப் பற்றித்தான் பேச்சு. மாடு வளர்க்கிறவர்களுக்கும், மரக்கறித் தோட்டம் போடுகிறவர்களுக்கும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் இது தேவையான பேச்சு.

காலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்த்தோம். பிள்ளைகள் மானைப் பார்த்தார்கள். நான் மான் போட்ட புழுக்கையைப் பார்த்தேன். மான், மாடு, எருமை, ஆடு, யானை என்று புல் தின்னும் எல்லா மிருகங்களின் கழிவிலும் காளான் வகைகள் வாழ்கின்றன. நம்ம கண்ணுக்கு அது அசிங்கம். அவற்றுக்கு அதுதான் சாப்பாடும் வீடும்.

அவை அங்கே எப்படி வருகின்றன? காளானுக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. தூள் போன்ற மிக நுண்ணிய வித்துக்கள் உண்டு. அவை புல்லில் ஒட்டியிருக்கும். மாடு புல்லோடு சேர்த்து விழுங்கும். மற்ற வித்துக்கள் பல வயிற்றில் அழிந்துவிடும். சாணக் காளானின் வித்துக்குத் தடித்த தோல், அது அழிவதில்லை. பல வகைகளுக்கு அந்த வயிற்றுச் சூடும் சமிபாடும்தான் முளைக்கத் தூண்டுகோல். ஆகவே சாணம் நிலத்தில் விழும்போதே விதை போட்ட பாத்திமாதிரித்தான் விழுகிறது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து வரும். முதலில் நூல் போன்ற பூஞ்சணம். அடுத்து குட்டிக் கிண்ணம்போல் சில வகை. கடைசியில்தான் குடை விரித்த காளான். முதலில் வந்தது இலகுவான சத்தைத் தின்னும். பின்னால் வருவது வைக்கோல் நார் போன்ற கடினமானதைத் தின்னும். பச்சைச் சாணம் நாளடைவில் கறுத்து, உதிர்ந்து, மண் வாசனை அடிக்கிறதே, அது இவற்றோடு பக்டீரியா, வண்டு, புழு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆகவே எருக் குவியலில் வெள்ளை நூல் படர்ந்தால் எரு கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீங்க. உக்குகிறது என்று அர்த்தம். பச்சைச் சாணத்தை அப்படியே கறிமிளகாய்க் கன்றின் அடியில் போட்டால் வேர் கருகும். உக்கிய பிறகு போடுங்க.

இந்தக் கூட்டத்தில் ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான். பெயர் பைலோபோலஸ். ஓரிரு சென்ரிமீற்றர் உயரம்தான். கண்ணாடிபோன்ற தண்டு, அதன் மேலே நீர் நிறைந்த குமிழ், அதற்கு மேலே கறுத்த தொப்பி. தொப்பிக்குள் வித்து. மாடு தன் சாணத்துக்குப் பக்கத்திலுள்ள புல்லைத் தின்னாது, நீங்களே பார்த்திருப்பீங்க. அப்படியென்றால் இவன் வித்து மாட்டின் வாய்க்குப் போவது எப்படி? இவன் காலை வெளிச்சம் வரும் பக்கம் தலையைத் திருப்புவான். வெளிச்சம் வரும் பக்கம்தானே திறந்த வெளி? குமிழுக்குள் நீர் அழுத்தம் ஏறி, வெடித்து, தொப்பியைத் தூக்கி எறியும். 2 மீற்றர் தூரம்கூடப் போகும். போன இடத்தில் புல்லில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கவண் வைத்து எறிகிற மாதிரி!

இதிலே ஒரு கெடுதலும் உண்டு. மாட்டின் நுரையீரலைத் தாக்கும் ஒரு புழுவின் குஞ்சுகள் சாணத்தில் இருந்தால், இந்தத் தண்டில் ஏறித் தொப்பியோடு சேர்ந்து பறந்து புல்லுக்குப் போய்விடுகின்றன. அந்தப் புல்லைத் தின்றால் இருமல், மூச்சு வாங்கல். கன்றுகளுக்குத்தான் அதிக ஆபத்து. சாணம் நிறைந்த ஈரத் தரையில் கன்றை மேய விடாதீங்க. கன்று தொடர்ந்து இருமினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்க. பட்டியைத் தினமும் கூட்டிச் சாணத்தை ஒரு குழியில் சேர்த்தால் நோயும் குறையும், எருவும் கிடைக்கும்.

நன்மையும் கேளுங்க. குதிரைச் சாணத்தில் வளரும் ஒரு காளானிலிருந்து பக்டீரியாவைக் கொல்லும் கொப்சின் என்ற பொருளை சுவிற்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2014இல் வெளியிட்டார்கள். சாணத்தில் பக்டீரியாக்களோடு சாப்பாட்டுக்குப் போட்டி. அந்தப் போட்டியில் காளான் கையிலெடுத்த ஆயுதம் அது.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். நம்ம இலங்கைக்கும் சாணக் காளானுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே காளான்களைச் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி, புரூம் என்ற இரண்டு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். 1871இல் அவர்கள் இலங்கைக் காளான்களை விவரித்தபோது, சாணத்தில் வளரும் ஒன்றுக்கு, நீலமாக மாறுவது என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். வெளிறிய சாம்பல் தொப்பி, மெல்லிய தண்டு, கீழே கறுப்பு மடிப்புகள். நசுக்கினால் நீலம் பாயும். அதில் மூளையைக் குழப்பும் நஞ்சு இருக்கிறது. தின்றவருக்கு இல்லாதது தெரியும், பயம் பிடிக்கும், வாந்தி வரும், தன் நிலை தெரியாது.

மழை விட்டதும் காளான் பிடுங்கப் போவது நம்ம சனங்களின் வழக்கம். புற்றுக் காளான் ருசியானது, நான் மறுக்கவில்லை. ஆனால் சாணத்திலும் எருக் குவியலிலும் முளைத்ததைச் சட்டியில் போடாதீங்க. வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், உள்ளி போட்டால் நிறம் மாறும், மஞ்சள் போட்டு அவித்தால் நஞ்சு முறியும் என்று சொல்லுவாங்க. இவை எதையும் நம்ப முடியாது. தெரியாத காளான் என்றால் தொட்டுக்கொள்ள வேண்டாம். அவ்வளவுதான் சட்டம்.

நாம கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரம் பிள்ளைகள் லயத்து வாசலில் விளையாடுவார்கள். குட்டிக் குடை அவர்களுக்கு விளையாட்டுச் சாமான். வாயில் வைத்துவிட்டால் வாயைத் துடைத்து, மிச்சக் காளானை ஒரு கடதாசியில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாம். சில கொடிய காளான்களுக்கு 6 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியே தொடங்கும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்க, இலவச அம்புலன்ஸ் வரும்.

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. பிள்ளைக் காப்பகத்தைச் சுற்றியும் லயத்து வாசலிலும் கிடக்கும் சாணத்தை அள்ளி, தள்ளி ஒரு குழியில் போடுங்க. குழியில் காளான் தன் வேலையைச் செய்யட்டும். நமக்கு நல்ல எரு வரட்டும். வாசல் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.