கித்தாரில் வழுக்கு நாதம்

கோட்டு வாத்தியத்தைக் கேட்டு மகிழ்ந்த நேயர்களுக்கு, தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் நாதம் புதியதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியிலும் அத்தகைய நாதம் ஒன்று உண்டு. அங்குள்ள கறுப்பின மக்கள் தம் வாழ்வின் துயரைப் பாடிய 'புளூஸ்' இசையில், உடைத்த புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக் கித்தார் வாசித்தனர்.

1934ஆம் ஆண்டில் மறைந்த சார்லி பாட்டன் இவ்விசையின் முன்னோடிகளுள் ஒருவர். கித்தாரைத் தலைக்குப் பின்னே வைத்தும், முழங்கால்களுக்கிடையே நிறுத்தியும் வாசிப்பார். அவருடன் வாசித்த சன் ஹவுஸுக்கு இந்தக் கோமாளித்தனம் பிடிக்கவில்லை.

யார் பக்கம் நியாயம்? அன்று ஒலிபெருக்கி இல்லை. வாரமெல்லாம் பருத்திக் காட்டில் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவில் ஆடவும் குடிக்கவும் கூடுவார்கள். அந்த இரைச்சலில் ஒற்றைக் கித்தார் செவியில் விழவேண்டுமானால், முதலில் அது கண்ணைக் கவர்ந்தாக வேண்டும். அன்றியும், இது எளிய வித்தையன்று. வழுக்கி வாசிக்கையில் மெட்டுக்கள் சுருதியைக் காப்பதில்லை; கை மயிரிழை பிசகினால் சுரம் பிசகும். தலைக்குப் பின்னே கண்ணும் உதவாது, காதொன்றே துணை.

ஆயினும், காட்சி அந்த இரவோடு முடிகிறது. கண்பார்வையற்ற வில்லி ஜான்சன் 1927இல் சொல்லின்றி முனகியவாறே வாசித்த இசைப்பதிவை, 1977இல் வாயேஜர் விண்கலங்கள் ஏற்றிச் சென்றன. அவ்வளவு தொலைவு சென்றது நாதந்தான்.