இலக்கணம் யாருக்குக் கஷ்டம்?



உலகத்திலேயே இங்கிலீஷ் கிராமர்தான் கஷ்டம்னு நம்ம பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

'வா' என்ற வினையை எடுங்கள். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன. இறந்தகாலத்துக்கு மட்டும் பத்து. இங்கிலீஷில் எல்லாத்துக்கும் 'கேம்' ஒன்றுதான். ஆண்டை வந்தாலும் கேம், பண்ணையாள் வந்தாலும் கேம். எங்க தாத்தாவை ஊர்த்தெருப் பொடியன் 'வந்தான்' என்பான். அந்தப் பொடியனைத் தாத்தா 'வந்தாங்க' என்று சொல்லணும். இந்த வேலையைச் செய்ய இங்கிலீஷ் வினைமுற்றில் இடமே இல்லை. (வெள்ளைக்காரன் சமத்துவவாதி என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் நெருங்கியவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும் 'தௌ' என்று ஒரு சொல் இருந்தது. 1650களில் குவேக்கர்கள் பெரிய மனிதர்களையும் 'தௌ' என்றே கூப்பிட்டு அடிவாங்கினார்கள்.)

அப்போ கஷ்டம் எங்கே? 'எ', 'தி' எங்கே போடுவது, 'இன்'னா 'ஆன்'னா என்பதில். தமிழில் அவை இல்லை, அதனால் இடறுகிறோம். ரஷ்ய மொழியிலும் 'எ', 'தி' இல்லை; அவர்களும் இடறுகிறார்கள். ஜெர்மன் படிக்கிறவன் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ரெண்டுமில்லை என்று மனப்பாடம் பண்ணணும். இதில் மூளை எங்கே வந்தது, 'தகுதி' எங்கே வந்தது?

வில்லியம் காபெட் என்று ஒருவர். வயலில் வேலை செய்து வளர்ந்தவர், சாதாரண சிப்பாய். லௌத் என்ற பாதிரியார் 1762இல் எழுதிய இலக்கணத்தைக் கையால் நகலெடுத்து, காவல் நிற்கும்போதெல்லாம் முழுசாகச் சொல்லிப் பார்த்தார். 1818இல் தானே ஓர் இலக்கணம் எழுதினார். சிப்பாய், மாலுமி, ஏரோட்டும் பையன், இவர்களுக்கு என்று தலைப்பிலேயே போட்டார். பின்வந்த பதிப்பில் ராஜா நாடாளுமன்றத்தில் வாசித்த உரையிலேயே பிழை பிடித்துக் காட்டினார்.

நான் வங்கிக் குமாஸ்தா. கவுண்டருக்கு இங்கிலீஷ் கடிதத்தோடு நம்ம சனங்க வருவார்கள். 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது.' செயப்பாட்டு வினை. நிராகரித்தவன் அந்த வாக்கியத்தில் இல்லை, அவனுக்கு முகவரியும் இல்லை. நமக்குக் கஷ்டமான கிராமர் இதுதான். பள்ளியில் இதை மார்க்குக்காகத் திருப்பிப் போடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்கள் 'நவுன்', 'புரோநவுன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். இப்படி ஒரு கடிதத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். நிராகரித்தது யார், எந்த விதிப்படி என்று கேட்டு இங்கிலீஷில் பதில் எழுதச் சொல்லுங்கள். 'தி' விட்டுப்போனால் பரவாயில்லை, அனுப்புங்கள்.