சிலம்பைப் பாதியில் மூடியவர்களுக்கு

வாசகர் வட்டத்து நண்பர்களே, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே,

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிலம்பின் சிறப்பு'. எனக்கு முன்னால் பேசியவர்கள் அந்தச் சிறப்பில் குறை வைக்கவில்லை. அதனால் நான் சிலப்பதிகாரத்தைப் பாதியில் மூடி வைத்தவர்களுக்காகப் பேசுகிறேன். இந்த மண்டபத்தில் பெரும்பான்மை அவர்கள்தான். சிரிக்காதீர்கள், மேடையிலும் இருக்கலாம்!

எங்கே மூடுகிறார்கள்? பெரும்பாலும் மூன்றாவது காதையான அரங்கேற்று காதையில். மாதவி ஆடப் போகிறாள் என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டினால், ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், யாழாசிரியன் எப்படி இருக்க வேண்டும் என்று வரிசையாக வருகிறது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு வேறு. இசைத்தமிழ் ஆராய்கிறவர் அந்த ஒரு காதையிலேயே ஆயுளைக் கழிக்கலாம். திங்கட்கிழமை தேர்வு வைத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தை மூடிவிட்டு நோட்ஸைத் திறக்கும்.

நோட்ஸைத் திட்ட நான் வரவில்லை. கோனார் உரை இல்லாமல் தமிழில் தேறியவர்கள் இங்கே கை தூக்குங்கள் பார்ப்போம். உரை வைத்துப் படிப்பது நம் மரபு. அடியார்க்கு நல்லார் சிலம்புக்கு ஏன் உரை எழுதினார்? அவர் காலத்திலேயே சிலம்பு எல்லோருக்கும் எளிதாக விளங்கியிருந்தால் அவருக்கு அந்த வேலையே இல்லை. உரையோடு நின்றுவிட்டு மூலத்தின் பக்கமே போகாமல் இருப்பதுதான் குறை.

மூலம் விளங்காத இந்தத் திணறல் பெரிய மனிதர் ஒருவருக்கும் வந்தது. 1880. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர். வயது இருபத்தைந்து. அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எல்லாம் அத்துப்படி. ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அதற்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். சீவக சிந்தாமணியைக் கையிலும் கொடுத்துவிட்டார். ஐயருக்கு அது எளிதில் பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய வித்துவான் வெட்கப்படாமல், அதைப் பரம்பரையாகப் படித்தும் கேட்டும் வந்த சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் அவர் பதிப்பில் சிந்தாமணி அச்சில் வந்தது. சிலப்பதிகாரம் 1892இல். தமிழ்த் தாத்தாவான அவருக்கே ஒரு காப்பியத்துக்குள் நுழைய நாலு பேர் துணை வேண்டியிருந்தது. முதலாண்டு மாணவியை மட்டும் தனியாக அறையில் உட்கார்ந்து படி என்கிறோம்!

ஒரு காப்பியத்தைச் சேர்ந்து கேட்பது எப்படி என்று வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். எழுத்தறியாத பாட்டிமார்கள் அதில் தவறு கண்டுபிடிப்பார்கள். அத்தனை பேரும் எல்லா நாளும் வருவதில்லை. திரௌபதி துகில் நாளைக்கு மட்டும் வருகிறவர் உண்டு. அவரைப் பார்த்து, ஆதிபருவம் கேட்டாயா என்று யாரும் மடக்குவதில்லை. அடுத்த வருஷம் அவரே இரண்டு நாள் முன்னதாக வந்து உட்காருவார்.

அதனால் பிள்ளைகளே, சிலம்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். தமிழாசிரியர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை. முப்பது காதைகளில் பதினாறாவதான கொலைக்களக் காதையில் தொடங்குங்கள். கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சோறு போடும் இடம் அங்கேதான். பிறகு ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை. நாளுக்கு ஒன்றாக ஐந்து நாள். பாண்டியன் அவை முழுவதும் நடுங்கும் அந்த வழக்குரை காதை நூறு வரிகூடத் தேறாது. அதை முடித்தவர், இந்தக் கண்ணகி எப்படி வாழ்ந்தவள் என்று தானாக முதல் காதைக்குத் திரும்புவார். அரங்கேற்று காதையை அப்போதும் தாண்டிப் போகலாம், யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

சந்தி பிரித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத அகவலடி நாலு வரி உரக்கப் படித்ததும் காதுக்குப் புரியத் தொடங்கும்.

தன் போக்கில் சிலம்பைப் படித்த ஒருவரைச் சொல்கிறேன். ம.பொ.சி. அவர்கள் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அச்சுக்கோக்கும் தொழிலாளியாக இருந்தவர். 1942 விடுதலைப் போராட்டத்தில் கைதாகி அமராவதிச் சிறையில் இருந்தபோது சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். நாடு அவரைச் 'சிலம்புச் செல்வர்' என்றது. அவருக்கு யாரும் வினாத்தாள் கொடுக்கவில்லை, இத்தனாம் தேதிக்குள் முடி என்று சொல்லவில்லை. பாடத்திட்டம் வகுக்கிற பெரியவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு காண்டத்தையே சுமத்தாதீர்கள். இரண்டு காதை வையுங்கள். அதை வகுப்பிலேயே உரக்கப் படிக்கவும் நேரம் ஒதுக்குங்கள்.

நூலகர் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடி அறையில் கொலைக்களக் காதையை மாறி மாறி வாசிக்கப் போகிறோம். வருகைப் பதிவேடு கிடையாது. வாசிக்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்க மட்டும் வாருங்கள். புத்தகம் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், இங்கே ஐந்து பிரதி இருக்கிறது.