விரல் நுனி அறியும்

கொல்லிமலையில் மிளகு காயப்போட்ட களத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கலந்து கிடக்கும் சிறுகல்லைப் பெண்கள் விரல் நுனியாலேயே கண்டு எடுத்துவிடுவார்கள். அந்த விரல்களுக்கு மார்பில் தட்டுப்படும் கட்டியும் தெரியும். வலிக்கவில்லையே என்றுதான் விட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, அம்மா!

புற்றுக்கட்டி 2 செ.மீ.க்குள், சின்ன நெல்லிக்காய் அளவில், மார்போடு நின்றால் முதல் நிலை. அது பெருத்தாலோ, அக்குளில் நெறி கட்டும் இடத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள் சிலவற்றைத் தொட்டாலோ இரண்டாம் நிலை. முடிச்சுகள் பலவற்றில் பரவினால், தோலையோ நெஞ்சுச் சுவரையோ பற்றினால் மூன்றாம் நிலை. எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று போய்விட்டால் நான்காவது.

இந்தியாவில் 2012 முதல் 2015 வரை இந்நோய் கண்டறியப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் மார்போடு நின்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 81 பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பக்கத்து முடிச்சுகளுக்குப் பரவியவர்களில் சுமார் 65 பேர். தூர உறுப்புகளுக்குப் போனவர்களில் வெறும் 18 பேர்.

மருத்துவமனைக்கென்று மலையின் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். தெரியும். ஆனாலும் அடுத்த சந்தை வரை தள்ளிப்போடாதீர்கள். முதலில் மலைமேலேயே உள்ள செம்மேடு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.