தாளம் போட ஒருவர் வேண்டும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே இளம் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசுப் பள்ளியில் படித்தவள். உங்களைப் போன்றவர்களிடம் படித்துவிட்டு, உங்கள் முன்னாலேயே நின்று பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. "கடந்த ஓராண்டில் இசையிலும் வாசிப்பிலும் எழுத்திலும் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள், பிள்ளைகளை எழுத வைக்க எங்களுக்கு உதவும்" என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதனால் முதலில் கணக்கை ஒப்படைத்துவிடுகிறேன்.

என் ஆண்டும் உங்கள் கல்வியாண்டைப் போல ஜூனில் தொடங்கியது. 50 நூல்கள் படிப்பது என்று தீர்மானம் எடுத்தேன். படித்து முடித்தவை 19. எழுதிய சிறுகதைகள் 11; அச்சேறியவை 2. இசையில், ஆதி தாளத்தைத் தடுமாறாமல் போடுவதற்கே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பெருமைப்படும்படியான கணக்கு இல்லைதான். ஆனால் இந்த ஆண்டில் இன்னொன்றும் செய்தேன். ஆசையாக எழுத வந்த ஒரு பிள்ளையின் கையிலிருந்து பேனாவைக் கீழே வைக்க வைத்தேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

தவில்காரத் தாத்தா

என் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் நாளில், எங்கள் தெருவில் இருக்கும் தவில் வித்துவானிடம் போய்ச் சேர்ந்தேன். வயது 70-ஐத் தாண்டியவர். கோயில் கச்சேரிக்கெல்லாம் இப்போது போவதில்லை. என் கதைகளில் வாக்கியங்கள் ஏன் நொண்டுகின்றன என்று எனக்குப் புரியவில்லை. லயம் கற்றுக்கொண்டால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை. அவரிடம் அதையே சொன்னேன். சிரித்துவிட்டு, "கையை நீட்டு பாப்பா" என்றார்.

ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதன் பின் தட்டு, வீச்சு; மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. இதுதான் ஆதி தாளம். தவிலைத் தொடவே விடவில்லை. ஒரு கையில் கூடு மாட்டி, மறு கையில் கழி பிடித்து அவர் வாசிப்பதைப் பார்க்கத்தான் முடியும். எனக்கு வாயால் சொல்லும் சொற்கட்டு மட்டும்தான். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து, தகிட தகதிமி என்றால் ஏழு, தகதிமி தகதகிட என்றால் ஒன்பது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்கிற ஐந்து சாதிகளும் இவ்வளவுதான்.

ஒரு நாள் மிஸ்ரத்தில் சொல்லிக்கொண்டு போகும்போது நாக்குக் குழறி நின்றுவிட்டேன். "மன்னிச்சுக்கங்க தாத்தா, மறுபடி முதல்லேருந்து சொல்றேன்" என்றேன். அவர் கை நிற்கவே இல்லை. தாளம் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீதான் நின்ன. தாளம் நிக்கல. எங்க இருக்குன்னு கேட்டு, வந்து சேர்ந்துக்க." இரண்டு சுற்று காத்திருந்து, சேர்ந்துகொண்டேன். தவறு என்ன என்று அன்று அவர் சொல்லவில்லை. மறுநாள் தொடங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்தினார்.

இதை நான் சரியாகப் புரிந்துகொள்ள மேலும் இரண்டு மாதம் ஆனது. அதற்கு நடுவில்தான் அந்தத் தவறு நடந்தது.

சனிக்கிழமை வட்டம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல முடியுமா என்று நூலகர் கேட்டார். ஒப்புக்கொண்டேன். முதல் வாரம் 10 பிள்ளைகள் வந்தார்கள். கதை சொன்னேன், படித்துக் காட்டினேன், சொற்கட்டு விளையாட்டும் விளையாடினோம். மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் 'குருவி' தகிட. 'வடகரை' தகதிமி. 'மழை வருது' தகதகிட. 'குருவி பறந்தது' ஏழு வரும். பிள்ளைகள் தங்கள் பெயரையும், தங்கள் ஊர்ப் பெயரையும், சாப்பிட்ட பலகாரத்தையும் தாளத்தில் தட்டிப் பார்த்து ஒரே சிரிப்பு. தமிழில் ஓசை இருக்கிறது என்பதை விளக்கம் சொல்லிப் புரியவைப்பதைவிட இது எளிது. யாப்பில் அசை பிரிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது நீங்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது வாரம், "வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை நான்கு வரி எழுதுங்கள்" என்றேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். அதுவரை வாய் திறக்காதவன். அவன் எழுதியது இது. அவன் அனுமதியோடு சொல்கிறேன்:

"அம்மா நடவுக்குப் போயிட்டு வந்து சோறு பெசஞ்சு குடுக்கும். கைய நல்லாத்தான் கழுவும். ஆனாலும் சோத்துல சேத்து வாசம் வரும். எனக்கு அது புடிக்கும்."

இன்றைக்கு இதை உங்களிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'போயிட்டு' என்பதைப் 'போய்விட்டு' ஆக்கினேன். 'பெசஞ்சு' 'பிசைந்து' ஆனது. 'குடுக்கும்' என்பதை அடித்து 'கொடுப்பார்' என்று எழுதினேன். 'புடிக்கும்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். எழுத்தாளர் அல்லவா, அக்கறையாகத்தான் செய்தேன். மொத்தம் எட்டு இடங்களில் சிவப்பு. தாளைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கு தம்பி, பிழையில்லாம எழுதப் பழகணும்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்த காலத்தில் எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. என் கட்டுரைத் தாள் ஒரு முறை முழுக்கச் சிவப்பாகித் திரும்பி வந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், பாடநூலில் இருந்த வாக்கியங்களை மட்டுமே எழுதினேன். அதில் பிழை வராது, நானும் இருக்கமாட்டேன். அந்த வலி தெரிந்தும் அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. பேனா கையில் இருந்தால் கை தானாகவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

படித்தவை சொல்லிக்கொடுத்தது

அந்த மாதத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது கு. அழகிரிசாமியின் கதைகள். அவருக்குச் சாகித்திய அகாதமி விருது பெற்றுத்தந்த தொகுப்பின் தலைப்புக் கதை 'அன்பளிப்பு'. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவரும் ஒருவர். எல்லாரிடமும் அன்பானவர்தான். ஆனால் சாரங்கன் என்ற சிறுவனை மட்டும் அவர் அறியாமலேயே விட்டுவிடுகிறார். கடைசியில் அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கதையை முடித்தபோது எனக்கு அந்தப் பையன் முகம் ஞாபகம் வந்தது. உடம்பு சரியில்லாமல் இருக்கலாம் என்ற என் சமாதானம் அன்றோடு போய்விட்டது.

அழகிரிசாமியின் ஊரான இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் மண்ணின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே தொகுத்தார். 1982-இல் அது வெளிவந்தது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட சொற்களை ஒருவர் உட்கார்ந்து அகரவரிசைப்படுத்தியிருக்கிறார். நான் வட்டம் போட்ட சொற்களோ ஒரு தாய் பேசும் சொற்கள்.

எங்கள் காவிரிக் கரையின் தி. ஜானகிராமனையும் அந்த ஆண்டில்தான் முழுமையாகப் படித்தேன். 'மோகமுள்' எழுதியவர் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு வானொலியில் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றியவர். அவர் கதைகளில் மனிதர்கள் பேசுவதைப் படிக்கும்போது, அந்தத் தெருவில் நின்று கேட்பது போலவே இருக்கும். இசை கேட்ட காது அது. எழுத்துக்கு முன்னால் கேட்பது இருக்கிறது என்று அவரைப் படித்தபோது புரிந்தது. தாத்தா நான்கு மாதம் என் கையைத் தட்ட வைத்து, வாயைச் சொல்ல வைத்து, காதைத்தான் தயார் செய்திருக்கிறார்.

"அப்புறம்?"

அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "தம்பி, நீ எழுதினத நான் சரியாப் படிக்கல. நீயே ஒரு தடவை படிச்சுக் காட்டுறியா?" என்று கேட்டேன். அந்தத் தாளை அவன் கிழித்துவிட்டிருந்தான். ஆனால் நான்கு வரியும் அவனுக்கு மனப்பாடம். மெதுவாகச் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். நடவு இல்லாத மாதங்களில் அம்மா கையில் சேற்று வாசம் இருக்காதாம். அப்போது சோறும் குறைவாகத்தான் இருக்குமாம். அதனால்தான் அந்த வாசம் அவனுக்குப் பிடிக்குமாம். சிவப்பு வட்டம் போட்ட 'புடிக்கும்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

மறு சனிக்கிழமை வந்தான். ஆனால் எழுதவில்லை. ஏழு வாரம் எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டாவது வாரம் கிளம்பும் நேரத்தில் ஒரு தாளை நீட்டிவிட்டு, "அக்கா, இன்னைக்குச் சிவப்புப் பேனா கொண்டாரலல்ல?" என்று கேட்டான். இந்த ஓராண்டில் எனக்கு வந்த விமர்சனங்களில் மிகச் சரியானது அதுதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

"அப்படியென்றால் பிழை திருத்தவே கூடாதா? தேர்வில் மதிப்பெண் குறையாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருத்தத்தான் வேண்டும். ஒற்றுப்பிழையும் ரகர, றகரப் பிழையும் தானாகப் போய்விடாது. எனக்கு அவற்றைப் போக்கியவர்களும் ஆசிரியர்கள்தான். நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டுமே. தாத்தா வாசித்து முடிக்கும்வரை தாளம் போட்டார், மறுநாள் திருத்தினார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தினார்.

இப்போது எங்கள் சனிக்கிழமை வட்டத்தில் மூன்று பழக்கங்கள் வைத்திருக்கிறோம். ஒன்று, எழுதியவர் தானே உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு, முதல் நாள் "அப்புறம்?" என்ற கேள்வி மட்டும்தான், பேனா கிடையாது. மூன்று, அடுத்த வாரம் அதையே பிள்ளை இரண்டாம் முறை எழுதும்போது ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் சேர்ந்து பார்ப்போம். ஒற்று என்றால் ஒற்று மட்டும். வீட்டில் பேசும் பேச்சை உரையாடலில் அப்படியே விட்டுவிடுவோம். விளக்கும் இடத்தில் எழுத்துத் தமிழைப் பழகுவோம். எந்த இடத்துக்கு எந்தத் தமிழ் என்று பிள்ளைகளே பிரித்தறியத் தொடங்கியிருக்கிறார்கள். 40 பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரையும் தினமும் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்றால், ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுவதையும் கேட்டுவிடலாம்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, நூலகத் துறையின் தந்தையானவர் எஸ்.ஆர். இரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் சேர வேண்டும் என்பது 1931-இல் அவர் நூலாக எழுதிய ஐந்து விதிகளின் சாரத்தில் உண்டு. அதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். பல வீடுகளில் அதற்கு நேரம் இருப்பதில்லை. நடவுக்குப் போய்விட்டு வரும் அம்மாவுக்கு ஏது நேரம்? ஆகவே அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

பிள்ளை தடுமாறி நிற்கும். உங்கள் கை நிற்காமல் இருந்தால், அது எந்த இடத்திலாவது வந்து சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. சென்ற வாரம் அவன் எழுதியதில் ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. இந்தச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம்.