எந்த நாட்டவர்?

(கும்மிடிப்பூண்டிக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொழியும் நாடும் பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் கவிதை எழுதறவன்தான். ஆனா இன்னிக்கு பேங்க் கவுண்டர்ல பார்த்ததை மட்டும் சொல்றேன்.

சிப்காட்டில் இரும்பு ஆலை வேலைக்கு வந்த ஒடிசா பையன், கணக்கு தொடங்கும் பாரத்தை வெச்சுக்கிட்டு முழிச்சான். தமிழ் தெரியாது, இந்தியும் அரைகுறை. பக்கத்தில் நின்ற முகாம் அக்கா அதை வாங்கி, அவன் ஆதாரைப் பார்த்து நிரப்பிக் கொடுத்தாங்க. முத்துமுத்தான எழுத்து. 'எந்த நாட்டவர்' கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுதினாங்க. அப்புறம் தன்னோட கேஒய்சி பாரத்தை எடுத்தாங்க. அதே கட்டம். பேனா நின்னுபோச்சு.

அந்த அக்காவின் பூட்டன் துறையூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து தேயிலைக்குப் போனவர். மலையகம் போனவர்களில் பெரும்பகுதி நம்ம ஜனங்கதானே. 1948இல் சிலோன் அரசு அவங்களை 'நீங்க இந்தியர்' என்று சொல்லிக் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஆளைக் கேட்காமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்தில் அக்கா குடும்பம் வவுனியாவுக்கு ஓடியது. அங்கே 'எவடம்?' என்று கேட்பார்களாம். நம்ம ஊரில் 'எந்தத் தெரு?' என்பதுதான் அது, வேறொன்றுமில்லை. 1990இல் இங்கே வந்தால், 'நீங்க இலங்கை.'

பிள்ளைகள் இங்கே பிறந்தவை. ஆனால் 1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும் என்று சட்டம். 2004இல் இன்னும் இறுக்கினார்கள். 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களில் சிலருக்குக் கதவு திறந்தது. அதில் இலங்கை இல்லை. 2021இல் முகாமுக்குப் பேர் மாறியது, 'மறுவாழ்வு முகாம்'.

அக்கா என்னிடம் 'பேசுறேன் சார்' என்பாங்க. போனில் அம்மாவிடம் 'கதைக்கிறன்'. வாயை மாத்திக்கிற அந்த வேகம் எனக்குத் தெரியும். காலேஜ் போன முதல் மாசமே சேரிப் பேச்சைத் தொலைச்சவன் நான். ஒருத்தனும் என் தெருவைக் கேட்டுடக் கூடாதுன்னு.

அன்னிக்கு அக்கா அந்தக் கட்டத்தில் 'தமிழர்' என்று எழுதினாங்க.

"இது செல்லாதுக்கா" என்று அதை அடித்து, புதுப் பாரம் கொடுத்தவன் நான்தான்.